ஒரு சிறு குழாயின் சாட்சியம்

துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரைப் பார்ப்பதில்லை. மூடியின் கண்ணாடி வழியே நாம் குனிந்து நோக்குகையில் நீர் ஏறுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. இயந்திரமும் அவ்வாறே ஏதோ ஒரு கண்கொண்டு நோக்கி, வேண்டிய அளவு வந்ததும் நிறுத்திக்கொள்கிறது என்று எண்ணிவிடுகிறோம். அத்தகைய கண் எதுவும் அதற்கு இல்லை. தொட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு காற்றறை. அதிலிருந்து மேலே செல்லும், கீரைத்தண்டு போல் மெலிந்த ஒரு குழாய். அக்குழாயின் உச்சியில் ஒரு விசை. நீர் ஏறும்போது காற்றறையில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு, அந்த நெருக்கம் குழாய் வழியே மேலே சென்று விசையை அழுத்துகிறது. விசை அழுந்தினால், நீர் நிறைந்துவிட்டது என்பது இயந்திரத்தின் முடிவு. அழுந்தாவிட்டால், இன்னும் நிறையவில்லை. தொட்டி விளிம்பு வரை ததும்பி நின்றாலும் அதற்கு அது தெரியாது.

இதனை நாம் பொறியியல் நூல் எதிலும் கற்கவில்லை. ஏழைப் பெண் ஒருவர்மீது சுமத்தப்பட்ட பழியின் வேரைத் தேடிச் சென்றபோது கற்றுக்கொண்டோம்.

நம் பங்கின் எல்லைக்குள் அருட்சகோதரியர் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட மூலையில் அது அமைந்திருக்கிறது. தோண்டினால் உப்பு நீர். அதுவும் கோடையில் கீழிறங்கிவிடும். தள்ளுவண்டியில் குடங்களை வரிசையாக அடுக்கி, வெயிலில் தள்ளிவரும் பெண்களை இப்பக்கத்தின் எந்தச் சாலையிலும் காணலாம். இல்லத்துக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. மாடியில் 1000 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. சமையல், குளியல், துவையல் அனைத்தும் அதிலிருந்துதான். படுக்கையைவிட்டு எழ இயலாத முதியோர் சிலர் அங்கிருப்பதால், விரிப்புகளைத் துவைத்து மாளாது. நகரத்துக் குடும்பம் ஒன்று தங்களுக்குப் புதிய இயந்திரம் வாங்கியபோது பழையதை இல்லத்துக்கு அன்பளிப்பாகத் தந்தது. மேலே மூடியுள்ள, தானே நிரப்பித் தானே துவைத்துத் தானே பிழியும் வகை. துவைக்கும் பணியில் இருந்த அம்மையாருக்கு அது பெரிய ஆறுதல். கணவரை இழந்தவர், ஐம்பதை நெருங்குபவர், கல்லில் துணி அடித்து அடித்து இடது தோள் தேய்ந்துபோனவர்.

ஒரு பிற்பகல், இயந்திரத்தை ஓடவிட்டு, நோயுற்ற பாட்டி ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்க அவர் உள்ளே சென்றிருக்கிறார். திரும்பி வந்தபோது மாடித் தொட்டி வறண்டிருந்தது. தண்ணீர் தரையில் ஓடவில்லை. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றில், மிகுதியான நீர் வெளியே சிந்தாதபடி, தொட்டியின் மேற்புறத்திலிருந்து கழிவுநீர்க் குழாய்க்குச் செல்லும் வழிகுழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். தரைக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் தண்ணீர் போவது யாருக்கும் தெரியாது. நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் மட்டுமே வந்தாலும், 100 நிமிடத்தில் 500 லிட்டர் சத்தமின்றிச் சாக்கடைக்குப் போய்விடும். நம் ஊர்க் கணக்கில், குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் என்றால், முப்பத்து மூன்று குடங்கள். அன்று மாலை முதியோருக்குக் கை கால் கழுவவும் தண்ணீர் இல்லை. அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

இல்லத்தின் வரவு செலவைக் கவனிப்போர் கூடிப் பேசினார்கள். பழுதுபார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் காலை ஒன்பது மணிக்கு வந்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். நீர் ஏறியது, அளவில் நின்றது. இரண்டாம் முறையும் ஓட்டினார், நின்றது. 'இயந்திரத்தில் கோளாறு இல்லை. இயக்குபவர் கவனம் தேவை' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பின்பு பேச என்ன இருக்கிறது? இரண்டு லாரித் தண்ணீரின் விலையை அம்மையாரின் சம்பளத்தில் மூன்று தவணைகளாகப் பிடிப்பதென்று முடிவாயிற்று. அந்தச் சீட்டும் பணியாளர் அனைவரின் முன்னிலையில் வாசிக்கப்பட்டது.

அவர் பங்கு இல்லத்துக்கு வந்து வாசற்படியருகே நின்றுகொண்டு நம்மிடம் சொன்னவை இவை:

"ரெண்டாந்தடவ நா எங்கயும் போகல சாமி. அது பக்கத்துலயேதான் நின்னேன். தண்ணி மேல ஏறிக்கிட்டே போச்சு. போதும்னு அதுக்குத் தெரியல. நாந்தான் பட்டன அமுக்கி நிறுத்துனேன். அதுக்குள்ள பாதித் தொட்டி போயிருச்சு. தொவைக்கிறப்பவும் நடுநடுவுல தண்ணி எடுக்குது சாமி. சொன்னா யாரும் நம்ப மாட்றாங்க."

"சம்பளம் பிடிப்பதைக் குறித்துப் பேசிப் பார்க்கிறோம், அம்மா."

"காசு போனாப் போகுது சாமி. தண்ணியக் கொட்டுனவன்னு இந்த ஊர்ல பேரு எடுத்துட்டு எப்படி இருக்கிறது?"

மழை பொழியும் ஊர்களில் வாழும் வாசகர்களுக்கு இச்சொல்லின் கனம் எளிதில் விளங்காது. இங்கே ஒரு குடும்பத்தைப் பற்றித் தாழ்வாகப் பேச வேண்டுமானால், அவர்கள் வீட்டுப் பெண் தண்ணீரின் அருமை தெரியாதவள் என்றால் போதும்.

நமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் இவ்வகை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பட்டணத்தில் கடை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிறு பிற்பகல் அவரை அழைத்துச் சென்றோம். வந்தவர் திருப்புளியை எடுக்கவில்லை. அம்மையாரை அழைத்து உட்காரவைத்து, கேள்விகள் கேட்டார். எந்த நேரத்தில் இவ்வாறு ஆகிறது? ஒவ்வொரு நாளும் ஆகிறதா, சில நாளா? நடுவில் தண்ணீர் எடுக்கும்போது சுற்றுவது நின்றுவிடுகிறதா? இயந்திரம் ஓய்ந்திருக்கும் இரவில் தொட்டிக்குள் தண்ணீர் சேர்கிறதா? அவர் விடை சொல்லச் சொல்ல, இளைஞர் தலையசைத்துக்கொண்டே இருந்தார். முதலில் வந்தவர் இயந்திரத்தை மட்டுமே விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

பின்பு இயந்திரத்தை ஓடவிட்டு, நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினார். நீர் சட்டென நின்றது. "அப்ப வால்வு மேல தப்பு இல்ல, ஃபாதர்" என்றார்.

இச்சோதனை எவரும் செய்யக்கூடியது. ஆதலால் சற்று விளக்கிச் சொல்வது நலம். குழாயிலிருந்து வரும் நீரை உள்ளே விடுவதும் அடைப்பதும் இன்லெட் வால்வு எனப்படும் உறுப்பு. அதனுள் ரப்பர்த் தகடு ஒன்று உள்ளது. அதன் நடுவில் ஒரு துளை. ஓரத்தில் அதனினும் நுண்ணிய மற்றொரு துளை. மின்சாரம் பாயாதபோது சிறு ஆணி ஒன்று நடுத்துளையை அடைத்து நிற்கும். ஓரத்துளை வழியே கசிந்த நீர் தகட்டின் முதுகில் சேர்ந்து அதனை அழுத்தி மூடிவைக்கும். மின்சாரம் பாய்ந்ததும் கம்பிச்சுருள் காந்தமாகி ஆணியைத் தூக்கும். முதுகில் இருந்த அழுத்தம் நடுத்துளை வழியே வடிந்துவிடத் தகடு எழும். நீர் உள்ளே பாயும். ஆக, நீரை அடைப்பது பெரும்பாலும் நீரின் சொந்த அழுத்தமே. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் நீர் உள்ளே வந்துகொண்டிருந்தால், மணலோ உப்புப் படிவோ அத்துளைகளிலும் தகட்டின் விளிம்பிலும் சிக்கிக்கொண்டது என்று பொருள். வால்வை மாற்றுவதே தீர்வு. மாடித் தொட்டி மிகத் தாழ்வாக இருக்கும் வீடுகளிலும் வால்வு இறுக மூடாமல் தொல்லை தருவதுண்டு. நீரின் உயரம் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 பார் அழுத்தம் தரும். சில இயந்திரங்களின் கையேடுகள் குறைந்தது 0.3 பார் கேட்கின்றன. அதாவது தொட்டி நீர் இயந்திரத்தைவிட மூன்று மீட்டராவது உயரத்தில் நிற்க வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தியதும் நீர் நின்றுவிட்டால், வால்வு தனக்கு இட்ட கட்டளையைச் சரியாகவே நிறைவேற்றுகிறது. கட்டளை இடுவோருக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை. செய்தியைக் கொண்டுசெல்வது அந்த மெல்லிய குழாய்.

இளைஞர் மேல்மூடிப் பலகையைக் கழற்றினார். விசையிலிருந்து குழாயை மெல்ல உருவி, விசையின் வாயில் வாய்வைத்து மிக இலேசாக ஊதினார். 'டக்' என்றது. ஊதுவதை நிறுத்தியதும் மறுபடி 'டக்'. விசை நலமாக இருக்கிறது. வன்மையாக ஊதினால் உள்ளிருக்கும் மென்தகடு கிழிந்துவிடும் என்று நம்மை எச்சரித்தார். புதிய இயந்திரங்களில் இந்த ஓசை இராது. அவற்றில் தகட்டின் அசைவு மின்னதிர்வாக மாறி, அந்த அதிர்வை இயந்திரத்தின் மூளைப்பலகை எண்ணிப் பார்க்கிறது. எனினும், குழாயும் காற்றும் அங்கும் உண்டு.

எவ்வளவு சிறிய அழுத்தம் அது! தொட்டியில் நீர் 30 சென்டிமீட்டர் ஏறினால் குழாயில் எழும் அழுத்தம் ஏறத்தாழ 3,000 பாஸ்கல். நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தின் அழுத்தம் 1,01,325 பாஸ்கல். நூற்றில் மூன்று பங்கு மட்டுமே. குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில் பிளேஸ் பாஸ்கலை (1623–1662) நாம் ஆன்மாவைப் பற்றி எழுதியவராகவே அறிந்தோம். 1648 செப்டம்பர் 19 அன்று, தம் சகோதரியின் கணவர் ஃபுளோரின் பெரியே என்பவர் பாதரசக் குழாயுடன் பிரான்சு நாட்டின் பியூய் தெ டோம் மலைமீது ஏறிச்சென்று அளந்து பார்க்குமாறு அவர் ஏற்பாடு செய்தார். உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது. காற்றுக்கு எடை உண்டு என்பதற்கு அது வலிய சான்றாயிற்று. 1971இல் அழுத்தத்தின் அலகுக்கு அவர் பெயரே இடப்பட்டது. அந்த அறிஞரை முதியோர் இல்லத்துத் துவையலறையில் நாம் மறுபடி சந்திப்போம் என்று குருமடப் பேராசிரியர் எவரும் சொல்லித் தரவில்லை.

குழாயை முழுவதும் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மறுமுனையில் ஊதினார் இளைஞர். மிதிவண்டி டியூபில் பஞ்சர் தேடுபவரைப் போலவே இருந்தது. அடிமுனைக்கு ஒரு சாண் மேலே, கடுகினும் சிறிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எடுத்துத் துடைத்துப் பார்த்தோம். இரண்டு பற்தடங்கள். அவற்றுள் ஒன்று மட்டும் ஊசிமுனையளவு துளைத்திருந்தது. எலி! இவ்வகை இயந்திரங்களின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். வெப்பமும் ஈரமும் இருளும் உள்ள இடம். எலிக்கு வேறென்ன வேண்டும்? கீழே பொருத்த வேண்டிய தடுப்புத் தகடு, இயந்திரம் இடம் மாறியபோது பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது போலும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. துளை இருப்பது உண்மையானால், காலையில் வந்தவருக்கு முன் இயந்திரம் ஏன் இருமுறையும் ஒழுங்காக நின்றது? நாம் கேட்டதும் இளைஞர் சிரித்தார். துளை அத்தனை சிறியது என்பதே அதற்கு விடை. காலையில் மாடித் தொட்டி நிறைந்திருக்கும். வேறு குழாய்கள் மூடியிருக்கும். நீர் விரைந்து பாய்ந்து, காற்று கசிந்து வெளியேறுவதற்குள் விசையை அழுத்திவிடும். பிற்பகலில் தொட்டி பாதியாகிவிடும். சமையலறையிலும் குளியலறையிலும் குழாய்கள் திறந்திருக்கும். போதாதற்கு வால்வின் முகப்பில் உள்ள வலைச்சல்லடையில் உப்பு படிந்திருந்தது. நீர் மெதுவாக ஏறும். ஏறும் வேகத்துக்கு ஈடாகக் காற்றும் துளை வழியே கசிந்துவிடும். விசையை அழுத்த எஞ்சுவது ஒன்றுமில்லை. காலையில் ஒழுங்காக நின்ற பிறகும், துவைத்துக்கொண்டிருக்கும்போதே காற்று மெல்லக் கசிய, விசை தளர்ந்து, நீர் குறைந்துவிட்டது என்று மயங்கி இயந்திரம் நடுவில் மறுபடி நீர் எடுக்கும். அம்மையார் சொன்னாரே, நடுநடுவில் தண்ணீர் எடுக்கிறது என்று! நோயின் முதற்குறியை அவர் நாவு சொல்லிக்கொண்டேதான் இருந்தது. பலர் கூடி நின்ற காலையில் இயந்திரம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. அவர் தனியே நின்ற பிற்பகலில் மட்டும் தவறியது. ஆகவே, அவருக்குச் சாட்சி இல்லை.

இயந்திரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நாம் நம்புகிறோம். அது மெய்தான். ஆனால் இயந்திரம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். காலை ஒன்பது மணிக்குக் கேட்டால் காலை ஒன்பது மணிக்குரிய விடை. நாள் முழுவதும் அதனோடு நிற்பவரின் வாய்மொழியை, ஒருமணி நேரம் நின்றவரின் சீட்டு வென்றுவிட்டது என்பதே நமக்கு வருத்தம் தந்தது. சீட்டில் எழுத்து இருந்தது; அம்மையாருக்கு எழுதத் தெரியாது. வேறு வேறுபாடு என்ன?

குழாயின் விலையைச் சொன்னால் வாசகர் நகைப்பர். துளைமீது ஒட்டுநாடா சுற்றுவதால் பயனில்லை. சில நாளில் ஈரத்தில் நழுவிவிடும். முழுக் குழாயையும் மாற்றுவதே முறை என்று இளைஞர் கண்டிப்பாகச் சொன்னார். புதுக் குழாயை மாட்டுமுன் தொட்டியில் ஒரு சொட்டும் மிஞ்சாதபடி நீரை வடித்தார். நீர் நிற்கும்போது மாட்டினால், காற்றறையில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் புகுந்திருக்கும். அந்த உயரத்தையே வெறும் தொட்டி என்று விசை கொண்டு, அதற்கு மேலும் நிரப்பத் தொடங்கும். காற்றறையின் வாயில் பிசினைப் போல அழுக்கு திரண்டிருந்தது. வாளியில் ஊறவைக்கும் துணிக்குரிய, நுரை மிகுந்த சலவைத்தூளை அளவுக்கு மிஞ்சிக் கொட்டுவதாலும், இப்பக்கத்து உப்பு நீராலும் அது சேருகிறதாம். முற்றிலும் அடைத்துக்கொண்டால் துளை ஏதும் இன்றியே இதே நோய் வரும். வெந்நீர் ஊற்றிக் கழுவினார். வலைச்சல்லடையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மறக்காமல் திரும்பப் பொருத்தினார். நீர் விரைந்து வரட்டும் என்று அதனை வீசிவிடுவோர் உண்டென்றும், பிறகு மணல் புகுந்து வால்வே போய்விடும் என்றும் சொன்னார். அடியில் தடுப்புத் தகடும் வைத்தாயிற்று.

இதற்கு நேர்மாறான நோயும் ஒன்று உண்டு. அதனை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. தொட்டி நிரம்பாமலேயே இயந்திரம் மணிக்கணக்கில் நீர் எடுத்துக்கொண்டிருக்கும். அங்கே குழாய்மீது குற்றமில்லை. கழிவுநீர் அடைப்பில் பொத்தானோ கொண்டையூசியோ சிக்கி, வந்த நீர் வந்தபடியே வடிந்துகொண்டிருக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டுக்கும் வேற்றுமை தெரிந்துவிடும்.

வீட்டில் இவ்வாறு நேரக் கண்டால், முதலில் சுவரிலுள்ள தண்ணீர்க் குழாயை மூடுங்கள். அதன் பிறகே மற்றவை. தரை ஈரமாக இருந்தால் இயந்திரத்தைத் தொடவேண்டாம். 230 வோல்ட் மின்சாரம் யாரையும் மன்னிப்பதில்லை. வீட்டின் மெயினை அணைத்துவிட்டு அணுகுங்கள். கசிவு 30 மில்லியாம்பியர் ஆனவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் கருவி பல பழைய கட்டடங்களில் இல்லை. முதியோர் இல்லத்திலும் இருக்கவில்லை. இரண்டு லாரித் தண்ணீரைப் பற்றி அத்தனை பேர் பேசினார்கள். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று பொத்தானை அழுத்திய அம்மையாரைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. இப்போது அக்கருவி பொருத்தப்பட்டுவிட்டது.

இளைஞர் கூலி வாங்க மறுத்து, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார். துளையுள்ள குழாயை இல்லத் தலைவியிடம் காட்டினோம். அவர் அதனை வாங்கித் தாமே வாளி நீரில் அமிழ்த்தி ஊதிப் பார்த்தார். குமிழிகள் எழுந்தன. அதற்குள் சம்பளத்தில் முதல் தவணை பிடிக்கப்பட்டிருந்தது. அதனை அன்றைக்கே திருப்பித் தர முன்வந்தார். அம்மையார் கை நீட்டவில்லை.

"அம்மா, அந்தச் சீட்ட எல்லாரும் இருக்கப்ப படிச்சாங்கல்ல? இதயும் எல்லாரும் இருக்கப்பவே குடுத்துருங்க."

மறுவாரம் திங்கட்கிழமை காலை, பணியாளர் அனைவரும் கூடியிருக்கையில், அவ்வாறே கொடுக்கப்பட்டது.